வாழை காக்கும் அமானிதம்



திருச்சி காந்தி மார்க்கெட்டுப் பக்கம் சுப்ஹுத் தொழுகை முடித்து வரும்போது, வாழைத்தார்கள் வண்டி வண்டியாய் வந்து இறங்குவதைப் பார்க்கிறோம். பூவனா, ரஸ்தாளியா என்று கேட்டு விலை பேசுகிறோம். அந்தத் தார் நம் கைக்கு வருமுன் மண்ணுக்கடியில் நடந்த போராட்டத்தை நாம் சிந்திப்பதில்லை.

ரஸ்தாளி பயிரிடுவோர் வாடல் நோயை நன்கறிவர். பியூசேரியம் என்னும் பூசணம் மண்ணிலிருந்து வேர்வழியே புகுந்து, நீர் ஏறும் குழாய்களில் பரவுகிறது. அடியிலைகள் மஞ்சளாகி ஒடிந்து தொங்கும். கிழங்கை வெட்டினால் உள்ளே செம்பழுப்பாய் இருக்கும். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்கென்றே விளைந்த குரோ மிஷல் என்ற வாழை, இந்நோயால் 1960களுக்குள் உலகச் சந்தையிலிருந்தே அநேகமாக மறைந்துபோயிற்று.

ஆனால் வாழை சும்மா இருப்பதில்லை. பகைவன் புகுந்ததை உணர்ந்ததும் அக்குழாயில் கோந்து போன்ற பொருள் சுரக்கிறது. பக்கத்து உயிரணுக்கள் குழாய்க்குள் உப்பி வழியை அடைக்கின்றன. தனக்கு நீரூட்டும் குழாயையே மூடி, நோய் மேலேறாமல் தடுக்கப் பார்க்கிறது! எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்களில் இது விரைந்து நடக்கிறது. ரஸ்தாளி போன்றவற்றில் பூசணம் முந்திக்கொள்கிறது.

மரங்களும் இறைவனுக்குச் சிரம் பணிகின்றன என்கிறது சூரத்துர் ரஹ்மான். தன் நஷ்டம் பாராமல் நோயை அடைக்கும் வாழை, படைத்தவன் இட்ட பணியைச் செய்கிறது. பகுத்தறிவு பெற்ற நாம் செய்வதென்ன?

வாடிய மரத்தின் பக்கக்கன்று பார்வைக்குப் பசுமையாகத் தோன்றும். நோய் அதன் கிழங்கில் ஒளிந்திருக்கும். தெரிந்தே அதைப் பெயர்த்து விற்றால், வாங்கியவன் நிலத்தில் அப்பூசணம் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். மருந்தடித்து அதை அடியோடு போக்க வழியில்லை. நாம் ஒருநாள் வாங்கிய காசு, அவன் பிள்ளைகளின் விளைச்சலையும் கெடுக்கும். வாழை அடைத்த வழியை நாமல்லவா திறந்துவிட்டோம்!

மதீனாவின் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கைவிட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை மக்கள் காண மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என எச்சரித்தார்கள். குறையைச் சொல்லி விற்போரின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்றும் அறிவித்தார்கள்.

ஆகவே நோய் கண்ட தோட்டத்துக் கன்றை விற்காதீர்கள். வாங்குவோரும் நோயற்ற தோட்டத்தைப் பார்த்தே வாங்குங்கள். 1993இல் தொடங்கப்பட்டு, திருச்சியை அடுத்த தாயனூரில் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் யோசனை கேளுங்கள். முன்பே விற்றிருந்தால் இன்றே சென்று உண்மையைச் சொல்லுங்கள், ஈடு கொடுங்கள். அடியானின் ஹக்கு, தௌபாச் செய்வதால் மட்டும் தீர்ந்துவிடாது. அவனும் மன்னிக்க வேண்டும்.

நம் கையால் பிறர் நிலம் பாழாகாமல் வல்ல ரஹ்மான் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.