முதலில் பரிசோதனைக்குப் போக வேண்டியவர் யார்?

 

நிக்காஹ் முடிந்து ஓராண்டு கடந்தும் குழந்தை இல்லையென்றால், நம் வீடுகளில் முதல் பார்வை மருமகள் மீதே விழுகிறது. அவளுக்கே டாக்டர், அவளுக்கே மருந்து, அவளுக்கே ஏச்சு. ஐந்தாண்டானால், மகனுக்கு இன்னொரு நிக்காஹ் என்ற பேச்சும் எழுகிறது. மகனை ஒரு முறையேனும் பரிசோதித்தீர்களா என்று கேட்டால் வீடே கோபம் கொள்கிறது!

ஜகரிய்யா நபி (அலை) அவர்கள் பிள்ளை வேண்டி இறைஞ்சியதைத் திருமறையின் மர்யம் அத்தியாயத்தில் காண்கிறோம். தம் எலும்பு தளர்ந்ததையும் தலை நரைத்ததையும் முதலில் சொன்னார்கள். பின்னரே மனைவியின் மலட்டுத்தன்மையைச் சொன்னார்கள். நபியே தம் பலவீனத்தை முன்வைத்திருக்க, நமக்கென்ன வெட்கம்?

பிள்ளையற்ற தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் குறை உண்டு என்கிறது மருத்துவம். ஆணுக்குரிய முதற் சோதனையில் ஊசியில்லை, கத்தியில்லை. 2 முதல் 7 நாட்கள் சேர்க்கையைத் தவிர்த்து, இந்திரியத்தைச் சுத்தமான குப்பியில் எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும். உயிரணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். குறைவென்று வந்தால் மனமுடைய வேண்டாம். உயிரணு உருவாகச் சுமார் இரண்டரை மாதமாகும். இடையில் வந்த கடுங்காய்ச்சல்கூட எண்ணிக்கையைக் குறைத்துவிடும். எனவே மறுமுறையும் பார்க்க வேண்டும். சிகிச்சையால் சீராகும் குறைகளும் பல உண்டு.

மார்க்கச் சட்டம் என்ன? மனைவியின் கையால் இந்திரியத்தை எடுப்பதில் தடையில்லை. அது இயலாதபோது, சிகிச்சைத் தேவைக்காகத் தானே எடுப்பதை இக்கால உலமாக்கள் பலர் அனுமதிக்கின்றனர். எடுத்தபின் குளிப்புக் கடமை. ரமளான் பகலில் எடுத்தால் நோன்பு முறியும். வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். அந்நியர் இந்திரியத்தைக் கொண்டு குழந்தை பெறுவது ஹராம். 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமியும் அதைத் தடை செய்தது.

மருந்து தேடுவது தவக்குலுக்கு மாற்றமல்ல. நோய்க்கு மருந்தையும் அல்லாஹ் இறக்கியிருப்பதாக நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள்.

சகோதரரே! குறை தம்மிடம் என்று தெரிந்தும் வாய்மூடியிருந்து, மனைவியை 'மலடி' என்ற ஏச்சுக்கு ஆளாக்குவது பெரும் அநீதி. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது திருமறை. அவள் உங்கள் குறையை மறைக்கிறாள். நீங்கள் அவள் மானத்தைக் காக்க வேண்டாமா?

பிள்ளைக்காக ஏங்கும் ஒவ்வோர் இல்லத்துக்கும் வல்ல அல்லாஹ் ஸாலிஹான மக்களைத் தந்தருள்வானாக! ஆமீன்.