பத்து நாள் பள்ளியும் மீதி மே மாதமும்

ஏப்ரல் கடைசியானால் மும்பை தாராவியின் தமிழ்ச் சபைகளில் எல்லார் வாயிலும் ஒரே கேள்விதான்: "ஊருக்குப் போறீங்களா?" நாகர்கோவில் வண்டியில் இடம் கிடைத்தவர்கள் இரண்டு இரவுப் பயணத்தில் நெல்லைக்கும் குமரிக்கும் போய்விடுவார்கள். இடமோ காசோ கிடைக்காதவர்கள் தகரக் கூரையின் கீழே மே மாதத்தைக் கழிக்க வேண்டும். இப்படி இங்கேயே தங்கிவிடும் பிள்ளைகளுக்காகத்தான் சபைகள் விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகின்றன. வி.பி.எஸ். என்றால்தான் எல்லாருக்கும் புரியும். பத்து நாள் பாட்டு, வசனம், கைவேலை, கடைசி நாளில் நிறைவு விழா. பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் நடுவில். அதுவரை மீதி நாட்கள் யாருடைய பொறுப்பு?

வி.பி.எஸ்.ஸைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. அது பெருநகரத்தில் பிறந்த ஊழியம். 1898இல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளைப் பார்த்து எலைசா ஹாவ்ஸ் என்ற பெண்மணி ஒரு பீர்க்கூடத்தை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்தினார். பிழைக்க வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம் அது. தாராவிக்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம்.

ஆனால் நம் ஆசிரியர் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழும் ஒரு குறை எனக்கு நியாயமாகப் படவில்லை: "பெற்றோருக்கு அக்கறையே இல்லை, நிறைவு விழாவுக்குக்கூட வருவதில்லை." எப்படி வருவார்கள்? இட்லி வியாபாரம் செய்யும் வீட்டில் விடியுமுன்பே அடுப்பு எரிகிறது. சைக்கிளில் பாத்திரம் கட்டிக்கொண்டு போன அப்பா திரும்பி வந்து கண்ணயரும் நேரத்தில் நம் விழா நடக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுவேலைக்குப் போகும் அம்மாவுக்குக் காலை ஒன்பது மணி என்பது இரண்டாவது வீட்டில் பாத்திரம் துலக்கும் நேரம். அவர்களுக்கு அக்கறை இருக்கிறது. நாம் வைத்த மணிதான் அவர்களுக்கு ஒத்துவரவில்லை.

பிள்ளைக்கு விசுவாசத்தைக் கொடுக்கும் வேலையை வேதம் முதலில் வீட்டிடம்தான் ஒப்படைக்கிறது. உபாகமம் ஆறாம் அதிகாரம் சொல்லும் இடங்கள் வீடும் வழியும் பாயும்தான். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பேசும்போது பவுல் பெயர் சொல்லி நினைப்பது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும். மாட்டுங்காவில் 1957இல் எழுந்த தோன் போஸ்கோ ஆலயத்தைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயருக்குரிய குருவானவரின் தாய் மார்கரீத்தா நினைவுக்கு வருவார். தூரின் நகரத்து ஏழைப் பையன்களை மகன் சேர்த்துக்கொண்டபோது, 1846இல் அவர் தன் கிராமத்து வீட்டை விட்டு வந்து அவர்களுக்குச் சமைத்தார், துணி தைத்தார். பத்தாண்டுகள், சாகும்வரை. நம்மிடம் பாட்டு நடத்தவும் கதை சொல்லவும் ஆட்கள் உண்டு. மார்கரீத்தாவின் இடம்தான் காலியாக இருக்கிறது.

அந்த இடத்துக்குத் தாய்மாரைக் கூப்பிட நம்மிடம் ஒரு நல்ல வழி இருக்கிறது. மும்பையில் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பள்ளியில் ஆங்கிலம், இந்தி, மராட்டி. அம்மாவுக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்க வரும், பிள்ளை கொண்டுவரும் ஆங்கிலப் பாடத்தாள் புரியாது. அதனால் அந்தத் தாள் மடித்தபடியே பையில் கிடக்கிறது. இரண்டு மொழியிலும் அச்சடித்துக் கொடுத்தால் போதாது. ஒரு சிறு பகுதியை அம்மா தமிழில் வாசிக்கட்டும், பிள்ளை காலையில் கேட்ட கதையைத் தன் வாயால் சொல்லட்டும். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முடியாதபடி பாடத்தை அமைக்க வேண்டும். அப்பாவிடம் கேட்க ஒரு கேள்வியும் வேண்டும்: முதன்முதலாகப் பம்பாய்க்கு வந்தபோது எங்கே தங்கினீர்கள், யார் ஜெபித்து அனுப்பினார்கள்? பேசவே மாட்டார் என்று நாம் நினைக்கும் மனிதர் அதற்கு இரவெல்லாம் பேசுவார். வாசலில் காற்றாட உட்காரும் நேரம் போதும். அறைக்குள் நான்கு பேர் உட்கார முடியாவிட்டால் கல்லியில், அதாவது சந்தில், பாய் விரிக்கலாம்.

ஊருக்குப் போன பிள்ளைகளை "லீவு" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். அவர்கள் போயிருப்பது பாட்டியிடம். பாட்டி சின்ன வயதில் பாடிய ஒரு பாட்டை அவரிடம் கற்றுவரச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் பாடி அனுப்பினால் இங்கே இருக்கும் பிள்ளைகளும் கேட்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் கல்லியில் இந்து வீடும் முஸ்லிம் வீடும் சுவரோடு சுவராக இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளும் பாட்டுச் சத்தம் கேட்டு ஓடிவருவார்கள். என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை முதலில் அவர்கள் அம்மா அப்பாவிடம் வீட்டுக்கே போய்ச் சொல்லி, சம்மதம் கேட்க வேண்டும். அண்டைவீட்டாருக்குத் தெரியாமல் அவர்கள் பிள்ளையிடம் எதையும் செய்வது சாட்சியாகாது.

அடுத்த வி.பி.எஸ்.ஸுக்குத் திட்டமிடும் ஆசிரியர்களே, ஒரே ஒரு வேண்டுகோள். பேனருக்கும் மேடைக்கும் பணம் ஒதுக்கும் முன், பிள்ளைகளின் வீட்டு விலாசங்களை எடுத்து, ஒவ்வொரு ஆசிரியருக்கும் சில வீடுகளைப் பிரித்துக் கொடுங்கள். வி.பி.எஸ். தொடங்குமுன் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையாவது போய், அந்த வீட்டாருக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேளுங்கள். நிறைவு விழா எத்தனை மணிக்கு என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.