எட்டாத பொருளும் நேர்மையான தீர்ப்பும்

ஒரு பொருளை அடையும் வாய்ப்பு உடையவனே அதைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதியும் உடையவன் என்பது உலக வழக்கில் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்தாகும். வீடு வாங்க வந்தவன் சுவரைத் தட்டிப் பார்க்கலாம், வழிப்போக்கன் தட்டினால், "உனக்கு இங்கே என்ன வேலை?" என்ற கேள்வி பிறக்கும். இக்கருத்து ஒழுக்கவியல் நோக்கில் எவ்வளவு தூரம் பொருந்தும்? தன் வாழ்நாளில் பெறமுடியாத ஒன்றைப் பற்றி ஒருவன் கூறும் மதிப்பீடு வெறும் பொழுதுபோக்குத்தானா? அன்றி, அதற்கும் உண்மை, பொய், நேர்மை, வஞ்சகம் என்னும் அளவுகள் உண்டா? இவ்வினாவை, நம்மவர் நாள்தோறும் காணும் ஓர் எளிய நிகழ்ச்சியை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்முனையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தொடரும் பிரதான வீதியின் ஓரங்களில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ்கள் பல உள. அசர்த் தொழுகை முடிந்து வெயில் சற்றுத் தணிந்ததும் அங்கே ஆட்கள் கூடுவர். பின்னிருக்கையில் மீன்பெட்டி கட்டிய வியாபாரியும், வட்டைக்குப் போய் வந்த விவசாயியும், பாடசாலை விட்டு வந்த ஆசிரியரும், ஒலுவில் வளாகத்து மாணவரும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பர். இவர்கள் ஓட்டுபவை பெரும்பாலும் நூறு முதல் நூற்றைம்பது சீ.சீ. வரையிலான வண்டிகளே. ஆயினும் மிலான் நகரில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் நடைபெறும் கண்காட்சியில் புதிய வண்டி ஒன்று திரை நீக்கப்பட்டால், அதன் படம் மறுநாளே இவ்வாங்கை வந்தடைந்துவிடுகின்றது. தீர்ப்புகளும் உடனே தொடங்கிவிடுகின்றன.

மிகுந்த வாதத்துக்கு உள்ளாவது ஸ்போர்ட் டூரர் எனப்படும் வகையாகும். பந்தய வண்டியின் விரைவையும், நெடுந்தூரப் பயணத்துக்கு வேண்டிய இருக்கை வசதி, காற்றுமறைப்பு, பொதிப்பெட்டி ஆகியவற்றையும் ஒன்றாக்க முயல்வது அது. 1976ஆம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடிவமைத்த முழுமறைப்புடன் ஆர்100ஆர்.எஸ். என்னும் வண்டியை வெளியிட்டமை இவ்வகையின் வரலாற்றில் ஒரு மைல்கல் ஆகும். விரைவும் வசதியும் ஒன்றோடொன்று முரண்படுவன. ஆகவே இவ்வகை வண்டி ஒவ்வொன்றும் ஒரு சமரசமாகவே அமைகின்றது. சமரசம் உள்ள இடத்தில் தீர்ப்புக்கும் இடமுண்டு.

2024ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் கவசாகி நிறுவனம் தனது நிஞ்சா 1000எஸ்.எக்ஸ். வண்டிக்குப் பதிலாக 1100எஸ்.எக்ஸ். என்பதனை அறிவித்தது. எஞ்சினின் கொள்ளளவு 1043 சீ.சீ.யிலிருந்து 1099 சீ.சீ.யாகக் கூடியது, ஆனால் வலுவோ 142 குதிரைவலுவிலிருந்து 136 ஆகக் குறைந்தது. உலகெங்கும் ஓட்டுநர் பலர் இவ்வாறு குறைந்ததை ஓர் இழப்பாகவே கொண்டனர். நமது வாங்கிலும் அதே புலம்பல் எழுந்தது. பின்சில்லைத் திருப்பும் விசை சிறிது கூடியிருந்ததையும், அது முன்னையதிலும் குறைந்த எஞ்சின் வேகத்திலேயே கிடைத்ததையும், அதனால் சாதாரண ஓட்டத்துக்கு அவ்வண்டி மேலும் இணக்கமானதாகக் கூடும் என்பதையும் எண்ணிப் பார்த்தோர் சிலரே. இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை. கல்முனை வீதியிலோ மாடும் முச்சக்கர வண்டியும் பள்ளிப் பிள்ளைகளும் நம்முடன் வருகின்றனர். இந்நிலையில் அந்த ஆறு குதிரைகளை எங்கே ஓடவிடப் போகின்றோம்?

இம்மயக்கத்தை அடம் ஸ்மித் நன்கு அறிந்திருந்தார். 1759இல் வெளிவந்த தமது ஒழுக்க உணர்வுகள் பற்றிய நூலில் அவர் கடிகார ஆர்வலர் ஒருவரைக் காட்டுகின்றார். நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பிந்தும் கடிகாரத்தை இகழ்ந்து விற்று, பெருவிலைக்கு வேறொன்று வாங்கும் அம்மனிதர், அதன்பின் பிறரைக் காட்டிலும் நேரந்தவறாதவராக எப்போதும் இருப்பார் என்பதில்லை. கருவி எப்பயனுக்காக அமைந்ததோ அப்பயனைக் காட்டிலும், அதற்குக் கருவி பொருந்தியிருக்கும் நுட்பத்திலேயே மனிதமனம் மயங்குகின்றது என்பது அவர் கருத்து. எண்ணைக் கண்டு புலம்பும் தீர்ப்பு இவ்வகையினது. இதில் அறியாமை உண்டு. ஆனால் கேடு அதிகமில்லை.

இரண்டாவது வகைத் தீர்ப்பு ஏளனமாகும். "இது ஒரு வண்டியா? இரும்புக் குவியல்!" என்று எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவது அது. ஈசாப்பின் நரியை நாம் சிறுவயதிலேயே அறிவோம். எட்டாமற் போன பழத்தை அது புளிப்பென்றது. அடையமுடியாத நிலைக்கு ஏற்றவாறு மனிதர் தம் விருப்பத்தையே திருத்திக்கொள்ளும் இயல்பை யோன் எல்ஸ்டர் என்னும் நோர்வே நாட்டுச் சிந்தனையாளர் 1983இல் ஒரு நூலாகவே ஆராய்ந்து, அதற்குப் 'புளித்த திராட்சை' என்றே பெயரிட்டார்.

ஈண்டு ஓர் ஐயம் எழலாம். ஆசையைச் சுருக்குவது அறமன்றோ? வள்ளுவர் 'அவா அறுத்தல்' என ஓர் அதிகாரமே வகுத்திருக்க, எட்டாததை வேண்டாமென்பதில் என்ன குற்றம்? இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு நுண்ணியது, ஆயினும் உறுதியானது. துறந்தவன் பழத்தின் இனிமையை மறுப்பதில்லை. அது தனக்கு வேண்டாமென்றே கூறுகின்றான். நரியோ பழத்தின் மீது பொய்யுரைக்கின்றது. முன்னவன் தன்னை மாற்றிக்கொண்டான். பின்னது தன்னை மாற்றாமல் உலகத்தைப் பற்றிய உண்மையை மாற்றப் பார்த்தது. நாளை அதே பொருளை இலவசமாகக் கொடுத்தால் அவனது தீர்ப்பு மாறுமா என்று கேட்டால், எவன் துறவி, எவன் நரி என்பது தெரிந்துவிடும்.

இதனை நான் நூலிலிருந்து மட்டும் கூறவில்லை. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோல் என்னும் பங்கீட்டு முறை நடைமுறையிலிருந்தபோது, வாப்பாவின் பழைய வண்டியுடன் நானும் என் தம்பியும் எரிபொருள் நிலைய வரிசையில் நின்றோம். இரவு கடந்து விடியும் நேரம். அவன் கைத்தொலைபேசியில் சுசுகி நிறுவனம் அதற்கு முந்திய ஆண்டில் அறிவித்திருந்த ஜி.எஸ்.எக்ஸ். - எஸ்1000ஜி.டி. என்னும் வண்டியின் படத்தை எனக்குக் காட்டி, அதன் பொதிப்பெட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும் விதத்தை விளக்கத் தொடங்கினான். நான், "நாலு லீற்றருக்கு நாய் படும் பாடு படுகிறோம், உனக்கு இது ஒரு கேடு" என்றேன். முன்னும் பின்னும் நின்றோர் சிரித்தனர். அவன் தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதன்பின் அவன் என்னிடம் வண்டிகளைப் பற்றிப் பேசியதே இல்லை.

நான் அன்று அவனிடமிருந்து ஒரு மோட்டார் சைக்கிளைப் பறிக்கவில்லை; அது அவனிடம் இருக்கவுமில்லை. இருந்தது ஒன்றே: ஒரு பொருளை நுணுகிப் பார்த்து, அதில் நல்லது இன்னதென மற்றொருவனுக்குச் சொல்லும் மகிழ்ச்சி. வறுமை அதைப் பறித்திருக்கவில்லை. அறிவுரை என்ற பெயரில் நான் பறித்தேன். உண்மையில் என் சொல்லில் அறிவுரையும் இல்லை. அப்படத்தைக் கண்டதும் என் மனமும் ஒரு கணம் இழுபட்டது. அவ்விழுப்பின் வலியைத்தான் நான் அவன் மீது வீசினேன்.

மூன்றாவது வகை பொறாமையாகும். கொழும்பில் அத்தகைய வண்டி வைத்திருப்பவன் எப்போது விழுவான் என எதிர்பார்க்கும் பேச்சு நம்மிடையே அரிதன்று. இமாம் கஸ்ஸாலி, ஒருவனுக்குக் கிடைத்த பேறு அவனைவிட்டு நீங்க வேண்டுமென விரும்பும் 'ஹஸது' என்பதையும், அது அவனிடமே நிலைக்க, அதுபோன்ற ஒன்று தனக்கும் கிடைக்க வேண்டுமென விரும்பும் 'கிப்தா' என்பதையும் இஹ்யாவில் தெளிவாகப் பிரித்துரைப்பார். அரிஸ்டோட்டிலும் தமது சொல்லாட்சிக் கலை நூலில் பொறாமையையும், சிறந்தோரைப் போலாக முயலும் உந்துதலையும் வேறுபடுத்துவார். விருப்பம் ஒன்றே, அது பிறன் அழிவை நாடும்போது நஞ்சாகின்றது, தன் உயர்வை நாடும்போது உரமாகின்றது.

அப்படியாயின் நேர்மையான தீர்ப்பு எவ்வாறிருக்கும்? 1100எஸ்.எக்ஸ். வண்டியின் படம் கைமாறிக்கொண்டிருந்த அன்று, கராஜ்காரரான முதியவர் கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துவிட்டு அதனை வாங்கிப் பார்த்தார். குதிரைவலுவைப் பற்றி அவர் கேட்கவில்லை. "இது விழுந்தால் ஓர் ஆள் தனியே நிமிர்த்தலாமா? பின்னால் இருப்பவளுக்கு நாலு மணித்தியாலம் இந்த இருக்கை தாங்குமா? செயின் திறந்து கிடக்கிறதே, நம் கடற்கரை மணலுக்கும் உப்புக் காற்றுக்கும் என்ன செய்வது?" என்று கேட்டார். பின்னர், "ஆனாலும் வேலைப்பாடு நேர்த்தி" என்று கூறித் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

அழகைச் சுவைத்தலில் சுயநலன் கலத்தலாகாது என்பது 1790இல் இம்மானுவேல் கான்ற் வகுத்த கொள்கை. அம்முதியவர் அவ்வண்டியை ஒருநாளும் வாங்கப் போவதில்லை. ஆகவே அவர் சொல்லில் சுயநலன் இல்லை. ஆயினும் கான்ற் கூறும் தனிச்சுவையோடு அவர் நின்றுவிடவுமில்லை. அவருடைய கேள்விகளில் 'நான்' என்பது இல்லை. விழுந்தவன் இருந்தான், பின்னால் அமர்பவள் இருந்தாள், செயினைக் கழுவப்போகும் கராஜ்காரன் இருந்தான். தான் அடையாத பொருளை, அதனை அடையக்கூடிய பிறர் ஒருவரின் நலன் கருதி அளந்து பார்ப்பது நேர்மையின் உயர்ந்த வடிவம் எனலாம். உரிமையின்மை அவருடைய தீர்ப்பைத் தகுதியற்றதாக்கவில்லை. அதற்கு நடுநிலையைத் தந்தது.

இத்தகைய பேச்சே ஆசையைத் தூண்டி, இளைஞரை லீசிங் கடனுக்கும் கண்மூடித்தனமான வேகத்துக்கும் இட்டுச்செல்லும் என்று சிலர் கூறுவர். இவ்வச்சத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. வீதியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் நம் ஊர்களிலும் உள. ஆயின் படங்கள் வருவதை எவராலும் தடுக்கமுடியாது. பேச்சை மட்டும் தடுத்தால் ஆசை தனிமையில் வளரும். "விழுந்தால் நிமிர்த்தலாமா?" என்று கேட்கக் கற்றவன், வாங்குமுன்னரே தன் அளவை உணரத் தொடங்கிவிட்டான். பயிற்றப்பட்ட தீர்ப்பே ஆசைக்குக் கடிவாளமாகும்.

மற்றொன்றும் உண்டு. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025இன் தொடக்கத்தில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அச்செலாவணியில் முக்கிய பங்கு மத்திய கிழக்கிலும் பிற நாடுகளிலும் உழைப்போர் அனுப்பும் பணமாகும். அப்பணத்தைக் கொண்டு நாடு எதனை வாங்க வேண்டும், எதனை வாங்கலாகாது என்பதில் அவ்வுழைப்பாளியின் குடும்பத்துக்குச் சொல் இல்லையா? வாங்குபவனுக்கு மட்டுமே பேச உரிமையுண்டு என்ற உலகவழக்கு இவ்விடத்தில் முற்றாகத் தோற்றுவிடுகின்றது.

என் தம்பி இப்பொழுது டோஹாவில் இருக்கின்றான். சிறிய வண்டியொன்றில் உணவுப்பொதிகளைக் கொண்டுசேர்ப்பது அவன் தொழில். அண்மையில், பல மாதங்களுக்குப் பின், ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒளிச்சமிக்ஞை அருகே, அவனுடைய பெட்டி கட்டிய வண்டிக்குப் பக்கத்தில், பெரிய டூரர் ஒன்று நிற்கின்றது. கீழே, "காக்கா, கிட்ட நின்று பார்த்தேன். பாரம்தான். ஆனால் பெட்டி பூட்டியிருக்கிற விதம் நல்லா இருக்கு" என எழுதியிருந்தான். அதில் ஏக்கம் இருந்திருக்கலாம்; பொய் இல்லை, பொறாமை இல்லை. குறையையும் சிறப்பையும் அதனதன் இடத்தில் வைத்திருந்தான். நான்கு லீற்றர் வரிசையில் நின்ற அன்றும் அவன் அதனைத்தான் செய்ய முயன்றான்.

எட்டாத பொருளைப் பற்றிப் பேசுவோர்க்கு மூன்று கடமைகள் உண்டென்று கூறி இக்கட்டுரையை நிறைவுசெய்யலாம். பொருளை அறிந்து பேசுதல் ஒன்று. தன் இயலாமையைப் பொருளின் குறையாகக் காட்டாதிருத்தல் இரண்டு. பெற்றவன் மீது பகை கொள்ளாதிருத்தல் மூன்று. இவற்றைக் கடைப்பிடிப்பவன் வாங்கில் அமர்ந்திருந்தாலும் அவன் சொல்லுக்கு மதிப்புண்டு. அவ்வாங்கில் அமர்ந்து கேட்போர்க்கும் ஒரு கடமை உண்டு: பேச வந்தவனைப் பேசவிடுதல். அக்கடமையை நான் பிந்தியே கற்றேன். தம்பிக்கு எழுதிய பதிலில், அந்தப் பெட்டி எவ்வாறு பூட்டப்பட்டிருக்கின்றது என்று கேட்டிருக்கிறேன்.