எதற்கு என்பதும் யார் என்பதும்

புதுச்சுவரில் தெறித்துக் காய்ந்த சீமெந்துக் கறையை எடுக்க மேசன்மார் அசிட்டைத்தான் நாடுவர். பள்ளிக்கூடத்தில் ஐதரோகுளோரிக் அமிலம் என்று நாம் படித்தது அதுதான். சீமெந்திலுள்ள சுண்ணாம்பை அது கரைக்கும். செங்கல் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். சுவரை முதலில் நனைத்து, அமிலத்தை நீரினுள் சிறிது சிறிதாகச் சேர்த்து, தேய்த்தவுடன் நன்றாகக் கழுவிவிட வேண்டும். கையுறையின்றித் தொட்டால் தோல் வெந்துபோகும். சலவைக்கான குளோரீன் திரவத்தோடு கலந்துவிட்டால் எழும் வாயு மூச்சையே அடைக்கும்.

சுவரைத் துலக்கும் இதே போத்தல் ஒரு பெண்ணின் முகத்தையும் அழிக்கும். அப்படியானால், விற்பவர் வாங்குபவரிடம் எதைக் கேட்கலாம்? 'எதற்கு?' என்று கேட்கலாமா? 'நீ யார்?' என்று கேட்கலாமா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றல்ல.

அமில வீச்சுக்கு ஆளான லக்ஷ்மி அகர்வால் தொடுத்த வழக்கில், 2013 ஜூலை 18ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் சில கட்டளைகளை இட்டது. வாங்குபவர் அடையாள அட்டையைக் காட்டவேண்டும், காரணத்தைச் சொல்லவேண்டும், விற்பவர் அதைப் பதிவேட்டில் எழுதவேண்டும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கவே கூடாது. பிரித்தானியாவோ வேறு வழியில் போனது. 2023 ஒக்டோபர் 1 முதல் 10 சதவீதத்துக்கு மேற்பட்ட செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தைப் பொதுமக்கள் அனுமதிப்பத்திரமின்றி வாங்க முடியாது. செங்கல் துலக்கும் திரவங்கள் பலவும் இதற்குள் அகப்பட்டன. கட்டடத் தொழில் செய்வோர் தம் தொழிலை நிரூபித்து வாங்கலாம். வீட்டுக்காரருக்குச் செறிவு குறைந்தது போதும்.

இவை தொல்லைதான். ஆனால் அநீதியா? இதற்கு விடை தேட நான் வவுணதீவுக்குப் போக விரும்புகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. போர்க்காலத்தில் அது ஒரு எல்லை. அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்கு யூரியா, சீமெந்து, பற்றரி போன்றவை போவது தடுக்கப்பட்டும் மட்டுப்படுத்தப்பட்டும் இருந்த காலம். இக்கரையில் பசளையாக இருந்த யூரியா மூடை அக்கரைக்குப் போனால் போர்த்தளபாடமாகிவிடும். மூடை மாறவில்லை, அதைச் சுமந்தவன் போய்ச்சேரும் திசைதான் மாறியது. வாடிய பயிருக்கு அந்த விளக்கம் எதற்கு உதவும்? அங்கே 'எதற்கு?' என்ற கேள்விக்கு மரியாதை இருக்கவில்லை. 'எந்தப் பக்கத்தான்?' என்பதே கேள்வியாயிருந்தது.

அந்தக் கேள்வி எவ்வளவு பிழையாகப் போகும் என்பதையும் அதே ஊர் காட்டிற்று. 2018 நவம்பர் 30ஆம் திகதி வவுணதீவுச் சோதனைச் சாவடியில் பொலிஸார் இருவர் கொல்லப்பட்டனர். சந்தேகம் உடனே முன்னாள் புலிகளின் பக்கம் திரும்பியது. ஒருவர் மாதக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார். 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னரே, கொலையைச் செய்தது சஹ்ரானின் குழு என விசாரணையில் தெரியவந்தது. தடுத்துவைக்கப்பட்டவர் விடுதலையானார். அதன்பின் அதே சந்தேகம் இனம் மாறி நம் வீட்டு வாசல்களில் வந்து நின்றதை நாம் அறிவோம்.

இனத்தையும் பழைய வாழ்வையும் வைத்துச் சந்தேகிப்பது குற்றமற்றவரை வருத்துகிறது என்று மட்டும் சொல்லிவந்தோம். அது பாதி உண்மை. மற்றப் பாதி, அது செய்தவனைத் தப்பவும் விடுகிறது. ஒருவனை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்குப் பக்கத்தில் நின்றவன் தெரியவில்லை.

இந்தியப் பதிவேடும் 'யார்' என்றுதானே கேட்கிறது என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அது எல்லோரிடமும் கேட்கிறது. அங்கே பெயர் எழுதப்படுவது, பின்னர் பதில் சொல்லும் பொறுப்புக்காக. முன்கூட்டியே ஆளைத் தரம்பிரிப்பதற்காக அல்ல. ஆபத்து பொருளில் இருக்கிறது என்று நினைக்கும் சட்டம் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தும். ஆபத்து ஆளில் இருக்கிறது என்று நினைக்கும் சட்டம் வரிசையிலிருந்து சிலரை மட்டும் வெளியே இழுக்கும். முந்தியதற்கு நம் நேரத்தைக் கொடுக்கலாம். பிந்தியதற்கு மானத்தைக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நம்மவர் பலர் வியாபாரிகள். கல்லாவின் இரு பக்கமும் நிற்பவர்கள் நாம். வாங்கும்போது 'எதற்கு?' என்ற கேள்வியை அவமானமாக எடுக்காதிருக்கவேண்டும். விற்கும்போது, அக்கரையிலிருந்து வரும் கூலிக்காரனிடம் மட்டும் அதைக் கேட்டு, தெரிந்த ஹாஜியாரிடம் கேட்காமல் விடுவதையும் நிறுத்தவேண்டும். நாம் சாவடியில் பட்ட வேதனையை நம் கடையிலேயே இன்னொருவருக்குக் கொடுத்தால், அதைப் பற்றி முறையிட நமக்கு வாய் ஏது?

சுவரில் படிந்த கறைக்கு அசிட் போதும். மனதில் படிந்ததற்கு அப்படியொரு போத்தல் எந்தக் கடையிலும் இல்லை. ஒரே கேள்வியை எல்லோரிடமும் ஒரே குரலில் கேட்டுக் கேட்டுத்தான் அதைக் கழுவவேண்டும்.