"அதே வண்டி" என்னும் சொல்

களமசேரியில் எச்.எம்.டி. சந்திப்பிற்குச் சற்று அப்பால், ஒரு தேநீர்க் கடையின் முன்னர், ஞாயிறுதோறும் காலையில் பழைய மோட்டார் வண்டிகளில் பற்றுடைய அன்பர்கள் சிலர் கூடுவர். நமக்கு வண்டி இல்லை, ஓட்டவும் அறியோம். 22 ஆண்டுகள் நூற்பாலையில் பஞ்சோடும் நூலோடும் உழன்றவர் நாம். எனினும் அக்கூட்டத்தாருள் ஒருவர் நம் சொற்பொழிவுகளுக்குத் தவறாது வரும் தமிழிளைஞர். அவர் தந்தையார் தென்காசிப் பக்கத்தினின்று ஏலூருக்கு ஆலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அத்தொடர்பு பற்றி நாமும் அங்குச் சென்று அமர்வதுண்டு. அவ்விடத்தில் எழுந்த ஒரு வழக்கு நம்மைச் சில நாள் உறங்கவொட்டாமற் செய்தது. அதனை அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

வழக்கு இரண்டு வண்டிகளைப் பற்றியது. ஒன்று, யாவரும் அறிந்த பிரீமியர் பத்மினி. இத்தாலிய நாட்டுப் பியட் நிறுவனத்தின் 1100 என்னும் வண்டியே 1964 முதல் பம்பாய்க் குர்லாவில் 'பியட் 1100 டிலைட்' என்னும் பெயரோடு வெளிவந்தது. 1970-களின் தொடக்கத்தில் 'பிரீமியர் பிரசிடென்ட்' ஆயிற்று. 1974-இல் சித்தூர் இராணியின் பெயரைப் பெற்றுப் பத்மினி ஆயிற்று. பெயர் மூன்று, வண்டி ஒன்று. 1089 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஏறத்தாழ 40 குதிரைத்திறன். கியர்த் தண்டு ஸ்டியரிங்கின் கழுத்திலேயே இருக்கும். முன்னிருக்கை ஒரே பலகையாக நீண்டிருப்பதால் ஓட்டுபவரோடு இருவர் நெருங்கி உட்காரலாம். திருமணம், பிள்ளைப்பேறு, சாவு ஆகிய மூன்றுக்கும் ஓடிய வண்டி அது என்று ஒருவர் சொன்னார், மிகையன்று.

மற்றொன்று, அதே பிரீமியர் நிறுவனத்தார் 1985-இல் கொணர்ந்த 118 என்.இ. என்பது. பத்மினிக்குப் பின் வந்தது, பத்மினியினும் விரைவுடையது. பியட் 124 என்னும் வண்டியின் உடலில், ஜப்பானிய நிசான் நிறுவனத்தின் 1171 கன சென்டிமீட்டர் எஞ்சினை வைத்து இதனைச் செய்தனர். பெயரிலுள்ள என்.இ. என்னும் எழுத்துகள் நிசான் எஞ்சினையே குறிக்கும். 52 குதிரைத்திறன், கியர்த் தண்டு கீழே தரையில். பந்தயத்தாரும் இதனை விரும்பி எடுத்தனர். அதற்கு முன்னரே சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமானத் தளமாய்க் கிடந்த ஓடுபாதையில், மாற்றியமைத்த பியட் வண்டிகள் பல்லாண்டுகள் பந்தயம் ஓடின என்பதையும் மறத்தலாகாது. பழையதை முடுக்கிவிடும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று.

இனி, கூட்டத்தில் நிகழ்ந்ததைக் கூறுவோம். 118 என்.இ. வைத்திருப்பவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். நம் இளைஞரிடம் இருப்பது பத்மினி. தந்தையார் வாங்கி அவர்க்கு விட்டுச் சென்றது. ஆசிரியர் தம் வண்டியின் ஓட்டத்தைப் புகழ்வார். இளைஞர் தம் வண்டியின் உருவையும் உறுதியையும் புகழ்வார். ஒரு ஞாயிறன்று இருவரும் காக்கநாடு செல்லும் வழியில் ஓர் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துத் திரும்பினர். பத்மினி முந்திவிட்டதாம்! "பழையது பழையதுதான்" என்று இளைஞர் மார்தட்டினார். ஆசிரியர் ஒன்றும் கூறாமல் எழுந்து சென்று பத்மினியின் முன்மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே இருந்தது 1089 அன்று. ஆசிரியர் வண்டியிலுள்ள அதே நிசான் எஞ்சின். ஈராண்டுகட்கு முன்னர் உடைத்து விற்ற ஒரு 118-இலிருந்து எடுத்து, எச்.எம்.டி. ஆலையில் கடைசல் பிடித்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரைக் கொண்டு பொருத்தியிருந்தார். தந்தையார் காலத்து எஞ்சின் வீட்டுப் பின்கட்டில் சாக்கு மூடிக் கிடந்தது.

எல்லாரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம். வென்றது எது? பழைய உடலா, புதிய நெஞ்சா? இருவரும் இரண்டு வண்டிகளை ஒப்பிடுவதாக எண்ணி ஓர் எஞ்சினை அதனோடேயே ஒப்பிட்டிருக்கின்றனர். ஆசிரியரும் பெருமை கொள்வதற்கில்லை. அவர் வண்டியும் இத்தாலியர் வடித்த உடலில் ஜப்பானியர் செய்த எஞ்சினை வைத்து இந்தியப் பெயர் சூட்டியதே. கலப்பற்ற வண்டி அக்கடைமுன் ஒன்றும் நிற்கவில்லை. இவ்வளவோடு முடிந்திருப்பின் எழுத வேண்டுவதில்லை.

அடுத்த வாரம் இளைஞர் நம்மைத் தனியே கண்டார். பதிவுச் சான்றைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகட்கும், பின்னர் ஐந்தைந்து ஆண்டுகட்கும் செல்லும். ஒவ்வொரு முறையும் வண்டியை அதிகாரி முன் நிறுத்திச் சோதனைக்கு உட்படுத்தல் வேண்டும். உற்பத்தி செய்தவர் குறித்த விவரத்தினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்தினின்று சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்து தீர்ப்பளித்தது. இளைஞர் எண்ணியது யாதெனில், பழைய எஞ்சினைச் சோதனை நாளன்று மட்டும் மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் கழற்றிவிடுவது. பலர் அவ்வாறு செய்கின்றனராம்.

"ஐயா, அதிகாரி 'இது அதே வண்டிதானா?' என்று கேட்டால் 'ஆம்' என்பேன். அது பொய்யாகுமா? நாகசேனர் தேரை வைத்துச் சொன்னதைத் தாங்களே போன மாதம் பேசினீர்கள். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று; இவற்றின் சேர்க்கைக்கு வழங்கும் பெயரே தேர் என்றீர்கள். எந்தப் பொருளும் இரு கணம் ஒன்றாய் நிற்பதில்லை என்றும் சொன்னீர்கள். அங்ஙனமாயின் எஞ்சின் மாறினால் என்ன, மாறாவிட்டால் என்ன? 'அதே வண்டி' என்பது எப்போதும் வெறும் பேச்சுத்தானே?"

நம் சொல்லே நமக்கு எதிரே வந்து நின்றது. அன்று விடை கூற இயலவில்லை என்பதை மறைப்பானேன்? "ஆய்ந்து சொல்கின்றேன், தம்பி" என்று வந்துவிட்டோம். கல்லூரி வாசல் மிதியாதவர் நாம். இரவுக் காவலின் இடையிடையே விளக்கடியில் கற்றதே நம் கல்வி. வீட்டிற்கு வந்து மிலிந்த பஞ்ஹத்தின் தமிழாக்கக் குறிப்புகளை மீண்டும் புரட்டினோம்.

அந்நூலில் சாகல நகரத்து யவன மன்னனாகிய மிலிந்தனும் நாகசேன தேரரும் உரையாடுகின்றனர். தேரைப் பற்றிய பகுதியை யாவரும் எடுத்துரைப்பர். அதே நூலில் மாங்கனித் திருடனைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பார் சிலரே. ஒருவன் பிறனுடைய மரத்தில் மாங்கனிகளைத் திருடிப் பிடிபடுகின்றான். அவன் வாதம் சுவையானது: "இவன் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்த மாங்காய் வேறு. ஆதலின் இவனுடையதை நான் எடுத்திலேன்." அரசன் அவனை விடுவானோ? விடான். நட்ட கனி மண்ணில் அழிந்தது மெய்யே. ஆயினும் பறித்த கனி அதிலிருந்து வந்தது. ஒன்றே என்றும் சொல்லொணாது, தொடர்பற்ற வேறு என்றும் சொல்லொணாது. பொறுப்பு என்பது அத்தொடர்ச்சியைப் பற்றிக்கொண்டு நிற்கின்றது.

இப்பகுதியைப் படித்தபோது நம் இளைஞரின் வாதம் திருடன் வாதமாகத் தோன்றிற்று. (அவரைத் திருடரென்றோமில்லை; அன்பர்கள் பொறுத்தருள்க.) நாகசேனர் தேர் என்னும் பெயரை வழக்கென்று கூறினாரேயன்றி, அவ்வழக்கைக் கொண்டு பிறரை ஏய்க்கலாம் என்று கூறினாரில்லை. மன்னன் தேரில் வந்ததாகச் சொன்னது பொய்யென்று அவர் முடிக்கவுமில்லை. வழக்கில் அது மெய்யே என்றுதான் உடன்பட்டார். அதிகாரி கேட்பது பொருள்களின் உண்மையியல்பை அன்று. 'இந்தப் புத்தகத்தில் எழுதியுள்ள எஞ்சின் நாளையும் இவ்வண்டியில் ஓடுமா?' என்பதே அவருடைய கேள்வி. அக்கேள்விக்கு விடை இரண்டே. ஆழ்ந்த மெய்ப்பொருளைக் கொண்டுவந்து எளிய கேள்வியின் வாயை அடைப்பது, உயர்ந்த சரக்கைத் தாழ்ந்த வேலைக்கு விற்பதாகும்.

ஆயினும் அதிகாரியின் புத்தகம் அத்துணைப் பெரிதா? மையும் தாளுந்தானே, பொருந்தாவிடின் யாருக்கென்ன கேடு? இவ்வினா எழுந்தபோது நம் ஆலை நாளொன்று நினைவுக்கு வந்தது. இதுகாறும் யாரிடமும் பேசாதது; இளைஞரிடத்து முதலில் சொன்னோம், இப்போது இவண் எழுதுகின்றோம்.

நாம் வேலை பார்த்த ஆலையொன்றில் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரங்களின் ஓரத்தில் பற்சக்கரங்கள் சுழலும். அவற்றின்மேல் இரும்பு மூடி இருத்தல் வேண்டும். நூல் அறுந்தாலும் சக்கரம் மாற்ற வேண்டியிருந்தாலும் மூடி இடையூறாகும். ஆதலின் கழற்றிச் சுவரோரம் சாத்திவிடுவோம். ஆய்வாளர் வரும் நாளன்று மட்டும் எல்லா மூடிகளும் மாட்டப்படும். எண்ணெய் துடைத்து மினுக்குவோம். ஒரு முறை ஆய்வாளர் நம்மை நோக்கி, "இயந்திரம் எப்போதும் இப்படித்தான் ஓடுகிறதா?" என்றார். "ஆம்" என்றோம். மேலாள் நம்மை மிரட்டவில்லை. கேட்டதும் வாய் தானே சொல்லிற்று. அவர் சென்ற மறுநாள் மூடிகள் சுவருக்குத் திரும்பின. அதே இயந்திரம், அதே எண்தகடு. நான்கு மாதம் கழித்துப் பாபின் மாற்றும் பையன் ஒருவனின் இரண்டு விரல்களை அச்சக்கரம் கொண்டுபோயிற்று. ஆய்வாளர் கேட்ட கேள்வியும் நம் 'ஆம்' என்னும் விடையும் அவனுடைய விரல்களுக்கு மிக அருகில் இருந்தன. அன்று அதனை நாம் அறிந்திலோம்.

அதிகாரி வண்டியைப் பார்ப்பதும் இதற்கே. 40 குதிரைத்திறனுக்கு அமைந்த உடலில், நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக்கை வைத்துக்கொண்டு 52 குதிரைத்திறனை ஓட்டுகின்றோம். காக்கநாட்டு ஏற்றத்தில் முந்துவது பெருமை; இறக்கத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நில்லாவிடின்? சாலையைக் கடக்கும் கிழவிக்கு அவ்வண்டியின் உள்ளே என்ன இருக்கின்றதென்று தெரியாது. அவள் வெளியுருவைக் கண்டு, 'பழைய பியட், மெல்ல வரும்' என்று எண்ணி அடியெடுத்து வைப்பாள். அவளிடத்திலும் அவ்வண்டி "நான் அதே வண்டி" என்று சொல்லிக்கொண்டுதான் வருகின்றது.

இவற்றையெல்லாம் கேட்ட இளைஞர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "நான் அவ்வண்டியை விரும்பியது தப்பா ஐயா?" என்றார். தப்பென்று நாம் எண்ணவில்லை. பற்று துன்பத்தின் வேர் என்று மேடையில் பேசுவது எளிது. தந்தை கைவைத்த ஸ்டியரிங்கை மகன் தொட்டுப் பார்ப்பதைப் பழிக்க நமக்கு வாய் வராது. ஆயினும் ஒன்று கேட்டோம். தந்தையார் ஓட்டியது 1089 எஞ்சினை. அதன் ஒலியைத்தான் பிள்ளைப் பருவத்தில் வாசலில் நின்று கேட்டிருப்பீர். அதனைச் சாக்கில் மூடிவிட்டு, அயலான் எஞ்சினை ஏற்றி, "என் வண்டி வென்றது" என்றீர். விரும்பியது பத்மினியையா, வெற்றியையா? ஏற்றத்தில் தோற்கும் வண்டியாகவே இருந்தாலும் அதனை விரும்ப முடியுமா? முடியாதெனின் ஆசிரியரிடம் சொல்லி ஒரு 118-ஐயே வாங்கிவிடலாம். அதில் நாணப்பட ஒன்றுமில்லை. அது நல்ல வண்டி.

இக்கேள்வி சற்றுக் கடுமையானதென்று பின்னர்த் தோன்றிற்று. மனிதர் ஒன்றை விரும்பும்போது எதனை விரும்புகின்றனர் என்று பிரித்துக் காட்ட யாரால் இயலும்? நாமும் நம் பழைய ரிங் பிரேமைப் புகழ்வோம்; புதியது வந்தபோது அதன் விரைவை வைதோம்; பழையது கொண்டுபோன விரல்களை அப்போது எண்ணினோமில்லை.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் தேநீர்க் கடைக்குச் சென்றோம். பத்மினி அங்கு இல்லை. நிசான் எஞ்சினை இறக்கிவிட்டனராம். ஆசிரியர் தம் வண்டிக்கு உதிரியாக அதனை விலைக்குப் பெற்றுக்கொண்டார். தந்தையார் காலத்து எஞ்சினைச் செப்பனிட்டுத் திரும்ப ஏற்றுவது, சோதனை முடிந்த பின்னும் அதனையே வைத்திருப்பது என்று இளைஞர் முடிவு செய்துவிட்டார். முகத்தில் மகிழ்ச்சி இருந்ததென்று சொல்ல மாட்டோம். ஆசிரியர் ஏற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காதிருந்தது நமக்குப் பிடித்திருந்தது.

கடைசல்கார முதியவர் கையில் எண்ணெய்க் கறையோடு வந்து அமர்ந்தார். "இனி அது பழையபடி அதே வண்டி ஆகிவிடும், இல்லையா அண்ணா?" என்று இளைஞர் அவரைக் கேட்டார். முதியவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சிலிண்டர் தேய்ந்து போயிருந்தது, தம்பி. துளையைப் பெரிதாக்கி ஒரு சுற்று பருத்த பிஸ்டன் போட்டிருக்கிறேன். அதையும் அதிகாரியிடம் சொல்லிவிடு."