நிலைவாசல்

கதவும் பூட்டும் இருந்தாலும் மனிதனுக்கு நிம்மதி வருவதில்லை. வாசலில் ஓர் அடையாளமும் வேண்டியிருக்கிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் நடந்து பாருங்கள். நிலைக்கு மேலே திருமண், இரு புறமும் சங்கும் சக்கரமும், மாவிலைத் தோரணம். காவிரிப் பாலத்தைத் தாண்டித் திருச்சிக் கடைவீதிக்கு வந்தால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கும். பூசணிக்காயில் எழுதிய பூதம் பல்லைக் காட்டும்.

பூசணிக்காய் தெருவில் போகிறவனிடம், "உன் கண் பொல்லாதது" என்கிறது. திருமண்ணோ வீட்டுக்காரரிடம், "நீர் யாருடைய அடியார் என்பது நினைவிருக்கட்டும்" என்கிறது. ஒன்று காவல்; மற்றொன்று நினைவு. நாளடைவில் நாம் இரண்டையும் காவலாக்கி விடுகிறோம்.

யூதர்களும் இந்தச் சிக்கலைக் கண்டவர்கள்தாம். நுழையும்போது வலப்பக்கம் வரும் நிலைக்காலில் 'மெசூசா' என்ற சிறு கூட்டைப் பதிப்பார்கள். உள்ளே தோல் சுருள். அதில் விவிலியத்தின் உபாகமத்திலிருந்து இரண்டு பகுதிகள், கையால் எழுதியவை. எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று ஏழு ஆண்டுகளில் இரண்டு தடவை பார்க்க வேண்டும். இதைப் பதிக்கும் கடமை வீட்டின் சொந்தக்காரருக்கு அல்ல, குடியிருப்பவருக்கு என்பது சட்டம். நினைவு தேவைப்படுவது மனிதனுக்குத்தானே, சுவருக்கு அல்லவே! 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதப் பேரறிஞர் மைமானிடிஸ், சுருளில் தேவதூதர் பெயர்களைச் சேர்த்துத் தாயத்தாக்குகிறவர்களை மூடர்கள் என்றே கண்டித்தார்.

இன்னொன்றும் உண்டு. உபாகமத்தில் அந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே, அந்நியனிடம் அன்பு செலுத்தச் சொல்லும் கட்டளை வருகிறது. சுருளில் அது இல்லை. வீட்டுக்காரர்தாம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்நியராக வந்த யூதர்களுக்குக் கொச்சி மன்னர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது.

நம் ஊரில் திருமண் இட்ட நிலைக்குக் கீழேயே, "வீடு வாடகைக்கு, இன்னாருக்கு மட்டும்" என்ற பலகையைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரரை ஏசிப் பயனில்லை. ஆசாரம் அவருக்கு மெய்யான கவலை; பாட்டனார் காலத்துச் சமையற்கட்டு அவருக்குக் கோயில் மாதிரி. ஆனால் அவர் நாள்தோறும் சேவிக்கும் பெரிய கோயிலுக்குள்ளே துலுக்க நாச்சியாருக்கு இடம் இருக்கிறது, சித்திர வடிவில். அரங்கனுக்கு ரொட்டியும் நைவேத்தியமாகிறது. எஜமானர் வீட்டில் நுழைய முடிந்தவளுக்கு அடியார் வீட்டில் இடமில்லையென்றால், அந்தத் திருமண் யாருடைய முகவரி?

பலகையைக் கழற்றச் சட்டம் வந்து உபதேசிக்க வேண்டியதில்லை. வெளியே போகும்போது ஒரு கணம் நின்று, தம் நிலையை அண்ணாந்து பார்த்தால் போதும்.