மாமாவின் பிரிண்டர் யாருடையது?

மூன்றாவது முறையும் பிரிண்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிவிட்டு அடங்கியபோது மாமா என்னைப் பார்க்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெண்ணைப் பார்த்து, "பக்கத்துக் கடையில எடுத்துக்க தாயி, நம்ம மிஷினுக்கு இன்னைக்கு ஒடம்பு சரியில்ல" என்றார். குரூப் 4 விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிய வாரம் அது. ஆண்டிபட்டி தாலுகா ஆபீஸ் பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைகளுக்குத் தீபாவளி மாதிரி ஒரு வாரம். அந்த வாரத்தில் மாமாவின் கடையில் ஒரு தாள்கூட அச்சாகவில்லை. காரணம் நான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவருடைய கணினியில் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்டிருந்தேன். இன்ஜினியரிங் இறுதியாண்டு. கட்டற்ற மென்பொருள் பற்றிப் படிக்க ஆரம்பித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் ரொம்ப ஆபத்தான காலம். புதிதாக மாலை போட்டவர் வீட்டில் இருக்கிற எல்லோரையும் குளிரில் நாலு மணிக்கு எழுப்புவாரே, அந்த நிலைமை. மாமாவின் விண்டோஸ் திருட்டுப் பிரதி. வருகிறவர் போகிறவர் பென்டிரைவெல்லாம் குத்திக் குத்தி வைரஸ் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. நான் செய்ததில் என்ன தப்பு என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

பிரிண்டர் என்ன தப்பு செய்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் பாதிக் கடைகளில் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டர்களில் அதுவும் ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம். விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதற்குள் மூளை மிகக் கம்மி. நல்ல விலையுள்ள பிரிண்டரிடம் "இந்த இடத்தில் இந்த எழுத்து" என்று சொன்னால் புரிந்துகொள்ளும். இதற்கு எழுத்து தெரியாது. பக்கத்தில் எங்கே கருப்பு, எங்கே வெள்ளை என்று கணினியே புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டு, கம்பெனிக்கு மட்டும் தெரிந்த ஒரு முறையில் சுருக்கி அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்வது டிரைவர். கம்பெனி விண்டோஸுக்கு டிரைவர் எழுதியிருந்தது. லினக்ஸுக்கு எழுதவில்லை.

அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தன்னைத் தான் இயக்கிக்கொள்ளத் தேவையான நிரலைக்கூட, அதாவது ஃபர்ம்வேரை, அது தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. சுவிட்சை அணைத்தால் எல்லாம் மறந்துபோகும். தினமும் காலையில் போட்டவுடன் கணினி அந்தக் கோப்பை அனுப்பி, நீ ஒரு பிரிண்டர் என்று ஞாபகப்படுத்த வேண்டும். அனுப்பாவிட்டால் பச்சை விளக்கு எரியும், மோட்டார் லேசாக உறுமும், தாள் மட்டும் வராது. திரையில் 'அச்சாகிவிட்டது' என்று வேறு காட்டும்.

இரண்டாம் நாள் ராத்திரி கடை சாத்தும்போது மாமா சொன்னார். கோபமாகக்கூட இல்லை. "ஒனக்கு விடுதல வேணும்னா ஒன் லேப்டாப்ல வாங்கிக்க மாப்ள. இது என் கடை."

'விடுதலை' என்ற சொல்லை அவருக்கு ஞாயிற்றுக்கிழமை நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை, இந்த இயக்கமே ஒரு பிரிண்டரில்தான் தொடங்கியது. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. (எங்கள் ஊரில் ஜெராக்ஸ் என்பது கம்பெனி இல்லை, வினைச்சொல்.) தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பிரிண்டர் ஒரு இடத்தில், ஆட்கள் வேறு இடத்தில். அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், முந்தைய பிரிண்டரின் நிரலைத் திருத்தி, சிக்கல் வந்தால் காத்திருப்பவர்களின் திரைக்கே தகவல் போகும்படி செய்திருந்தவர். புதியதிலும் அதையே செய்யலாம் என்று பார்த்தால் மூலநிரல் இல்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருக்கிறது என்று கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். அவர் தர முடியாது என்றுவிட்டார், யாருக்கும் தருவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஸ்டால்மன் 1983ல் க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இந்தக் கதையை எல்லோரும் தொழில்நுட்பக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு இது வாக்குறுதி பற்றிய கதையாகப் படுகிறது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது நல்ல குணம் என்றுதானே வளர்த்தார்கள்? ஆனால் 'இனிமேல் யார் வந்து கேட்டாலும் உதவ மாட்டேன்' என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்தால் அது எந்தக் கணக்கில் சேரும்? முகம் தெரியாத அத்தனை பேருக்கும் முன்கூட்டியே கைவிரித்துவிட்டு, அந்தக் கைவிரிப்பையே நேர்மையாகக் காப்பாற்றுவது. ஸ்டால்மனுக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் அவர் கோபத்தோடு நிற்கவில்லை. இப்படிப்பட்ட வாக்கை நான் தர மாட்டேன் என்று முடிவெடுத்தார். பட வேண்டிய கஷ்டத்தைத் தானே பட்டார். நான் எடுத்த முடிவுக்கான கஷ்டம் மாமாவின் கல்லாவில் விழுந்தது. இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க ரொம்ப நாளாயிற்று.

அந்த இரண்டு ராத்திரிகளில் இன்னொரு கேள்வியும் வந்தது. அந்தப் பிரிண்டர் யாருடையது?

காசு கொடுத்தது மாமா. பதினோரு வருடமாக அதன் மூடியைத் திறந்து, ரோலர் மாற்றி, கையெல்லாம் கருப்பாகி டோனர் நிரப்பி ஓட்டுகிறவரும் அவர்தான். ஒரு பொருளில் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்று ஜான் லாக் எழுதினார். அவர் சொன்னது யாருக்கும் சொந்தமில்லாத நிலத்தைப் பற்றி. இருந்தாலும் அந்தக் கணக்கில் அதன் ஒவ்வொரு திருகாணியும் மாமாவுடையது. ஆனால் காலையில் அதை எழுப்பும் கோப்பு அவருடையதில்லை. பயன்படுத்தலாம், திறந்து பார்க்கக் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. பெட்டி இவருடையது, உயிர் வேறு ஒருவருடையது.

மாமா இதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ளவில்லை. திருட்டு விண்டோஸ் பற்றி நான் பிரசங்கம் செய்தபோது, "பெட்டிய ரூவா குடுத்து வாங்கிருக்கேன். அதுக்கு மேல ஓடுறதுக்கும் தனியா காசு கேட்டாய்ங்கன்னா, முத காசு எதுக்கு?" என்றார். திருட்டுக்கு அது நியாயமாகாது என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.

மூன்றாம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கு வழி கிடைத்தது. உலகத்தில் எங்கோ ஒருவர், அந்தப் பிரிண்டருக்குள் போகும் பைட்டுகளை உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, சுருக்கும் முறையைக் கண்டுபிடித்து, டிரைவர் எழுதி வைத்திருந்தார். கம்பெனி அவருக்கு எந்தக் கையேடும் தரவில்லை. ஃபர்ம்வேர் கோப்பை மட்டும் அவரால் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை, உரிமை இல்லை. அதனால் ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஒவ்வொருவருடைய கணினியும் தானே போய்க் கம்பெனியின் கோப்பை எடுத்து வரும். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் தர சட்டம் விடாது, ஆனால் கிணறு இருக்கும் திசையைக் கை காட்டலாம்.

இப்படித் தடவித் தடவி எழுதிய டிரைவர்கள் லினக்ஸில் நிறைய. பிராட்காம் வைஃபை சில்லுகளுக்கு 2000களின் நடுவில் நடந்தது எனக்குப் பிடித்த கதை. ஒரு குழு மூடிய டிரைவரைப் பிரித்துப் படித்து, சில்லு எப்படி நடந்துகொள்கிறது என்று விவரிப்பு மட்டும் எழுதியது. அந்த மூல டிரைவரைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழு, விவரிப்பை வைத்துப் புதிதாக நிரல் எழுதியது. நகல் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக இவ்வளவு ஆசாரம். 2010ல் அந்த நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. என்விடியாவுக்கோ வேறு வகை மரியாதை கிடைத்தது. 2012ல் பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். அந்த நிறுவனம் தன் கர்னல் பகுதி நிரலைத் திறந்துவிட இன்னும் பத்து வருடம் ஆனது.

இதில் என்னை உறுத்துவது, சம்பளம் இல்லாமல் ராத்திரி கண் விழித்து ஒருவன் எழுதிய டிரைவரால் அந்தப் பிரிண்டர் இன்னும் நாலு பேருக்கு விற்கிறது என்பது. கூலி அவனுக்கு இல்லை, லாபம் கதவைச் சாத்தியவனுக்கு. லாக்கின் வாதத்தைக் கிண்டல் செய்து ராபர்ட் நோசிக் 1974ல் ஒரு உதாரணம் சொன்னார்: ஒரு டப்பா தக்காளிச் சாற்றைக் கடலில் கொட்டிக் கலந்தால் கடல் என்னுடையதாகிவிடுமா, இல்லை தக்காளிச் சாறு போச்சா? டிரைவர் எழுதுகிறவர்களை நினைக்கும்போதெல்லாம் இந்தத் தக்காளிச் சாறு ஞாபகம் வரும். ஆனால் அவர்கள் கடலைக் கேட்கவே இல்லை என்பதை நோசிக் யோசித்திருக்க மாட்டார். தனக்கு வேலை ஆக வேண்டும் என்று எழுதுகிறார்கள், எழுதியதை வழியில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சரி, அந்த மூடிய ஃபர்ம்வேரை ஏற்றலாமா? கொள்கைப்படி கூடாது. திறந்து பார்க்க முடியாத கோப்பை என் கையால் போடுகிறேன். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இதில் ஒரு கோடு போட்டிருக்கிறது. சில்லுக்குள்ளேயே நிரந்தரமாகப் பதிந்து, யாரும் மாற்றப்போவதில்லை என்றிருக்கும் நிரலை வன்பொருளின் பகுதி மாதிரி எடுத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து ஏற்றினால் மட்டும் அது கட்டுள்ள மென்பொருள். அதாவது அதே நிரலைக் கம்பெனி இன்னும் சில ரூபாய் செலவழித்து உள்ளேயே வைத்திருந்தால் மாமாவின் பிரிண்டர் சுத்தம். காசை மிச்சம் பிடித்து வெளியே வைத்ததால் தீட்டு. மாற்ற வாய்ப்புள்ள இடத்தில்தான் சுதந்திரம் பற்றிப் பேச முடியும் என்பது அவர்கள் வாதம். வாதம் புரிகிறது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாமல் வந்தால் தோஷமில்லை என்கிற பழைய பழக்கத்தின் வாடை அதில் அடிக்கிறது.

டெபியன்காரர்கள் இந்தச் சண்டையை வருடக்கணக்கில் போட்டார்கள். அவர்களுக்கு 1997லிருந்து ஒரு சமூக ஒப்பந்தம் உண்டு. டெபியன் முழுக்கக் கட்டற்றதாகவே இருக்கும், அதே சமயம் பயனர்களே முன்னுரிமை என்று இரண்டு வாக்குகளையும் அதுவே தருகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் ஃபர்ம்வேர். அதிகாரபூர்வ நிறுவியில் மூடிய ஃபர்ம்வேர் கிடையாது. வைஃபை வேலை செய்யாது. ஃபர்ம்வேர் சேர்த்த இன்னொரு நிறுவியை 'அதிகாரபூர்வமற்றது' என்ற பெயரில் ஒரு மூலையில் வைத்திருந்தார்கள், பின்வாசல் மாதிரி. பிறகு ஒரு விஷயம் பேச்சுக்கு வந்தது. பார்வையற்றவர்கள் நிறுவியின் குரலைக் கேட்டுத்தான் டெபியனைப் போடுகிறார்கள். புதிய கணினிகளில் ஒலி வருவதற்கே ஃபர்ம்வேர் வேண்டும். நம் சுத்தத்துக்காக அவர்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போகலாமா? 2022ல் வாக்கெடுப்பு நடத்தி, சமூக ஒப்பந்தத்தையே திருத்தி, ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவியில் சேர்த்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. தோல்வி என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அதில் பிடித்தது, இத்தனை பேரைக் கேட்டு முடிவு செய்தார்கள் என்பது.

அன்றைக்கு ராத்திரி இதெல்லாம் எனக்குத் தெரியாது, வாக்கெடுப்பே அப்போது நடந்திருக்கவில்லை. ஃபர்ம்வேரை ஏற்றினேன். பிரிண்டர் உறுமி, ஒரு தாளைத் துப்பியது. பாதி இருட்டில் நின்று அந்தச் சோதனைப் பக்கத்தை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

காலையில் மாமாவிடம் பெருமையாகக் காட்டினேன். பார்த்தார். "சரி மாப்ள, கல்யாணப் பத்திரிகைக்கு பேஜ்மேக்கர் தெறக்குமா?" என்றார். திறக்காது. அவரிடம் இருந்த பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த நானூறு ஐநூறு கோப்புகளும் திறக்காது. மத்தியானம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பையன் வந்து பழைய விண்டோஸையே போட்டுக் கொடுத்தான். முன்னூறு ரூபாய். நான் கொடுக்கப் போனேன், மாமா வாங்கவிடவில்லை.

நாலைந்து வருடம் கழித்து அவர் புதுக் கணினி வாங்கினார். அதிலிருந்த புது விண்டோஸ் அவருடைய பழைய ஸ்கேனரைத் தெரியாது என்றுவிட்டது. கம்பெனி அந்த மாடலுக்கு டிரைவர் எழுதுவதை நிறுத்தியிருந்தது. ஸ்கேனர் கல்லு மாதிரி நன்றாக இருந்தது. போன் போட்டார். "மாப்ள, அந்த பெங்குவின் இன்னும் இருக்கா?"

இந்த முறை கேட்டுக்கொண்டு போனேன். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு மூலையில் வைத்தோம், ஸ்கேன் எடுக்க மட்டும். ஒயரைச் சொருகியதும் எடுத்துக்கொண்டது. மாமா ஸ்கேனர் விளக்கு நகர்வதைக் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கம்பெனிக்காரனே விட்டுட்டான். இத யாரு எழுதுனது?"

"தெரியல மாமா. யாரோ."

"காசு கேட்டானா?"

"இல்ல."

"போட்டே ஆகணும்னு சொன்னானா?"

"இல்ல மாமா."

அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ரேஷன் கார்டை நீட்டிக்கொண்டு ஒரு பெரியவர் நின்றிருந்தார். மாமா அதை வாங்கி, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்து, "அமுக்கு" என்றார் என்னிடம்.